கெண்டைக்கால் கேட்கிறது

கோயில் வாசல்ல சீர் தூக்கியாச்சு. இனி மண்டபத்து வாசல்ல என் தங்கச்சி பாண்டிமீனா வந்து கையில வாங்குற வரைக்கும் இந்தத் தாம்பாளம் தரையில படக்கூடாது, இன்னொருத்தன் கைக்கு மாறக்கூடாது. மாறுச்சுன்னா, வாங்குனவன்தான் தாய்மாமன். அவன் மடியிலதான் பிள்ளையை உக்கார வச்சுக் காது குத்துவாங்க. எங்க வகையறாவுல இதுதான் வழக்கம். எவன் ஏற்படுத்துனானோ, அவனுக்குக் கெண்டைக்கால் ரெண்டும் கல்லாட்டம் இருந்திருக்கும். எனக்கு வலது கால் இருக்கு, இடது கால் இருக்கிற மாதிரி நடிக்குது. இதுல செருப்பு வேற போடக்கூடாதாம். சித்திரை வெயில்ல, தார் ரோட்டுல, வெறுங்காலோட. டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு, ராசாங்கம் சார், நீங்க செருப்பில்லாம வாசப்படி கூட இறங்காதீங்க, ஒரு முள்ளு குத்துனாலும் ஆறாதுன்னு. சொல்லட்டும். அந்தம்மாவுக்கு என்ன தெரியும் எங்க ஊரைப் பத்தி. செருப்புப் போட்டுக்கிட்டுச் சீர் தூக்குனான்னு நாளைக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சு ஒட்டுனாலும் ஒட்டுவானுங்க. இப்பவே முக்குக்கு முக்கு என் படத்தைப் போட்டு வச்சிருக்கானுங்க, தாய்மாமன் ராசாங்கம், ராசு பந்தல் அமைப்பகம்னு. அதுல இடுப்பு வரைக்கும்தான் இருக்கேன். நல்லவேளை, காலைப் போடலை. முன்னாடி கென்னடியோட தப்பு செட்டு பிச்சு உதறுது. பின்னாடி பொம்பளைங்க, தட்டு தட்டா பழம், வளையல், பிஸ்கட்டு டப்பா. என் தாம்பாளத்துல தேங்காய், மாலை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, ஒரு சின்ன டப்பாவுல தோடு. பிள்ளை பேரு தன்ஷிகா. இது ஒரு பேரா? அதோட அப்பன் வச்சது. கிடக்கட்டும், நான் தனம்னுதான் கூப்பிடுறேன், அதுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குன்னு மடியில ஏற இந்த உலகத்துல இருக்கிறது அது ஒண்ணுதான். அதனால நடக்கிறேன். இப்ப கால்ல ஒண்ணும் இல்லை. முதல் கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணும் இருக்காது, அதுதான் இந்தக் காலோட துரோகம்.

ஒண்ணும் இல்லைன்னு நடக்கிறப்ப உள்ள என்ன நடக்குதுன்னு அந்தம்மா படம் போட்டுக் காட்டிச்சு. சின்னப் பொண்ணு, பேச்சு மட்டும் பெரிய மனுஷி மாதிரி. நீங்க நடக்க ஆரம்பிச்சதும் கெண்டைக்கால் சதை கேக்கும் சார், எனக்கு ரத்தம் பத்தலை, குடு குடுன்னு. யார்கிட்டக் கேக்கும்னேன். பக்கத்துலயே இருக்கிற பொடிக் குழாய்ங்ககிட்டன்னிச்சு. சதை வேலை செய்யச் செய்ய அதுல சூடு வரும், புளிப்பு சேரும், அந்தக் கழிவுதான் கோரிக்கை. அது பட்டதும் குழாய்ங்க தானா விரிஞ்சுக்கும், சும்மா உக்காந்திருக்கிறப்ப வர்றதை விடப் பல மடங்கு ரத்தம் வரும். அப்ப மூளை என்ன செய்யும்னா, எல்லாப் பக்கமும் இப்படித் திறந்து விட்டா பிரஷர் விழுந்திரும்னு பயந்து, உடம்பு பூராவுக்கும் சுருங்குன்னு ஒரு உத்தரவு போடும். வயிறு அடங்கிரும், குடல் அடங்கிரும். வேலை செய்யிற சதை மட்டும் அடங்காது. நான்தான்யா இங்க வேலை பாக்கிறேன், எனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பீங்கன்னு திறந்தே வச்சிருக்கும். எனக்கு அந்தச் சதையை அப்பவே பிடிச்சுப் போச்சு. ஆனா உங்களுக்கு என்ன ஆச்சுன்னா சார், மேல தொடையில வர்ற பெரிய குழாயே அடைச்சிருக்கு, முப்பது வருஷ பீடி. கீழ பொடிக் குழாய்ங்க எல்லாம் ஏற்கெனவே முழுசா விரிஞ்சுதான் இருக்கு, இதுக்கு மேல விரிய முடியாது. கதவு பூராவும் திறந்து வச்சும் வர்றதுக்கு ரத்தம் இல்லை. அதான் வலி. நின்னீங்கன்னா சதை கேக்கிறதைக் குறைச்சுக்கும், வர்ற கொஞ்சமே போதும்னு ஆயிரும், வலி விட்டிரும். அதனால வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, விட்டதும் நடங்க, தினம் இப்படி நடந்தா ரத்தம் சுத்துவழி தேடிக்கும். கோவப்படாதீங்க, கோவத்துல குழாய் இன்னும் சுருங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு நடக்காதீங்க, வயிறு ரத்தத்தைப் பிடுங்கிக்கும். கோவப்படாதீங்கன்னு இந்த ராசாங்கத்துக்கிட்டயே சொல்றா பாருங்க. அதை விட நெஞ்சை நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம்.

அதனாலதான் காலையில சாப்பிடலை. அது ஒரு ரோதனை. என் தங்கச்சி புருஷன் சோலைராசு, அந்த மகராசன், விடிஞ்சும் விடியாம கோயிலுக்கே தூக்குல வெண்பொங்கலும் வடையும் எடுத்துக்கிட்டு வந்து நின்னான். நெய் வாசம் ஆளைத் தூக்குது. மச்சான், ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத் தூக்குங்கன்னான். நான் அவன் மூஞ்சியைப் பாக்காம கோபுரத்தைப் பாத்தேன். ஒரு மாசமா அவன்கூடப் பேச்சு இல்லை, ஊருக்கே தெரியும். இப்ப பொங்கலையும் தொடலைன்னதும் பொம்பளைங்க எல்லாம் காதைக் கடிச்சுக்கிறாளுங்க, இன்னும் கோவம் தீரலை, சோத்தைக் கூடத் தொடலைன்னு. என் வீட்டுக்காரி செல்வராணி வந்து என் முழங்கையைக் கிள்ளிட்டுப் போறா. கோவம் தீரலைங்கிறது உண்மைதான். பொங்கலைத் தொடாதது கோவத்துல இல்லை. ரெண்டையும் யாருக்குப் போய் விளக்குறது. வயித்துக்குப் போற ரத்தத்தைக் காலுக்குத் திருப்பி விட்டிருக்கேன்னு மைக்குல சொல்லவா? சொன்னா அடுத்த நிமிஷம் தாம்பாளம் என் கையில இருக்காது. இந்தா, பக்கத்துலயே வர்றானே என் சித்தப்பா மகன் தங்கப்பாண்டி, வெள்ளைச் சட்டையில கஞ்சியும் மினுமினுப்புமா, கையை ரெண்டும் சும்மா வச்சுக்கிட்டு. அண்ணே, கனமா இருந்தாச் சொல்லுங்கண்ணேன்னு இதோட மூணாந்தரம் கேட்டுட்டான். வாங்கிக்கத்தான் வர்றான். செல்வராணிக்குக் கூடத் தெரியாது. சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். சுளுக்குக்கு யாராவது கணுக்கால்ல பிரஷர் பாக்கிற பட்டையைக் கட்டுவாங்களா, பாதத்து மேல விரலை வச்சு நாடியைத் தேடித் தேடி உதட்டைப் பிதுக்குவாங்களா? முழங்காலுக்குக் கீழ முடி பூராவும் உதிர்ந்து தோலு மழமழன்னு ஆனது கூட அவளுக்குத் தெரியாது, வேட்டிக்குள்ள யார் பாக்கிறா. இந்தா, வந்திருச்சு. தொட்டுப் பாக்குது. கெண்டைக்கால் கேக்குது.

மருந்துக்கடை முக்கு. நின்னுட்டான் கென்னடி. நல்ல பையன். நேத்தே சொல்லி வச்சேன், மருந்துக்கடைகிட்ட, பேக்கரிகிட்ட, அப்புறம் தியேட்டர் வாசல்ல, மூணு இடத்துல நின்னு வட்டம் கட்டி நல்லா அடிக்கணும்டா, சீருன்னா ஒரு அம்சம் வேணாமான்னு. அம்சமாவது ஒண்ணாவது. என் காலு ஒரு மூச்சுக்கு எம்புட்டுத் தூரம் தாங்கும்னு நாலு நாளு காலையில ஆள் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நடந்து பாத்துல்ல கணக்குப் போட்டிருக்கேன். பயலுக ஆடுறானுங்க. நான் தாம்பாளத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வலது காலுக்கு உடம்பைத் தள்ளி நிக்கிறேன். சுத்தி நாப்பது சேர் கிடக்கு மருந்துக்கடை நிழல்ல, அத்தனையும் என் கடைச் சேர், முதுகுல ராசு பந்தல்னு பெயிண்ட் எழுதினது. ஊருல எவன் வீட்டுல என்ன விசேஷம்னாலும் உக்காரச் சேர் போட்டவன் நான். சீர் தூக்குனவன் உக்காரக் கூடாதாம். வெளங்கிரும். வலி இறங்குது. இறங்குறப்ப ஒரு சுகம் இருக்கு பாருங்க, அது யாருக்கும் தெரியாது. முதல்ல பிடி தளரும், அப்புறம் லேசா ஒரு வெதுவெதுப்பு, எங்கயோ ஒரு சொட்டு வந்து சேர்ந்துட்ட மாதிரி. அந்த நேரத்துல மனசு நம்பிரும், இனி வராதுன்னு. மானங்கெட்ட மனசு. கெளம்பலாம் கெளம்பலாம்னு தங்கப்பாண்டி கையை ஆட்டுறான். இவனுக்கு என்ன அவசரம், இவன் பொண்டாட்டிக்கா வலி கண்டிருக்கு?

பேக்கரியும் கடந்தாச்சு. அங்கயும் நின்னோம், விட்டுச்சு, நடந்தோம். ஆனா ஒவ்வொரு தடவையும் சீக்கிரமா வருது சனியன். வெயிலு ஒரு காரணம், தோலும் ரத்தத்துக்குக் கையேந்துது. கோவம் ஒரு காரணம். கோவப்படக் கூடாதுன்னு நினைக்க நினைக்க அந்த நைட்டிக் கடைதான் ஞாபகத்துல வருது. போன மாசம் பஜார்ல வர்றேன். கால் பிடிச்சுக்கிச்சு. ஒரு எட்டு எடுத்து வைக்க முடியலை. நடுரோட்டுல மரமா நிக்க முடியுமா? இதுக்குன்னே ஒரு வித்தை பழகி வச்சிருக்கேன், பக்கத்துல இருக்கிற கடையைப் பாக்கிற மாதிரி நின்னுக்கிறது. செல்போன் கடைன்னா கவர் பாப்பேன், பாத்திரக் கடைன்னா குக்கர் பாப்பேன். ஊருல என்னைப் பெரிய கடை பாக்கிறவன்னு நினைச்சிருப்பானுங்க. அன்னைக்குன்னு பாத்து நான் நின்னது நைட்டிக் கடை வாசல். வரிசையாத் தொங்குது, பூப் போட்டது, புள்ளி வச்சது, நான் கண்ணுல தண்ணி கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எதிர்த்தாப்புல டீக்கடையில இந்தச் சோலைராசு இருந்திருக்கான். பாத்துட்டு வந்து பேசுனானா? இல்லை. மறுநாள் அவன் வீட்டுல, காதுகுத்துப் பேச்சு எடுக்கிறப்ப, அம்புட்டுப் பேர் முன்னாடி, மச்சான் நேத்து அரை மணி நேரமா நைட்டி கலர் பாத்துக்கிட்டிருந்தாரே, அக்காவுக்கா வேற யாருக்காச்சுமான்னான். சபையே சிரிக்குது. செல்வராணி கூடச் சிரிச்சுட்டு அப்புறம் என்னைப் பாத்தா. கால் வலின்னு ஒரு வார்த்தை போதும், மானம் நின்னிருக்கும், தாம்பாளம் போயிருக்கும். எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கு மூடுன வாய்தான். எடுபட்ட பய, இவன் வாயில போட்டு மெல்றதுக்கு நான் என்ன வடையா? அவன் அப்பாவும் இப்படித்தான், நக்கல் பிடிச்ச மனுஷன். கடைசியில படுத்துட்டாரு. பாக்கப் போயிருந்தேன். கட்டில்ல போர்வை ஒரு பக்கம் மேடா இருந்துச்சு, இன்னொரு பக்கம் தொடைக்குக் கீழ தட்டையாப் போய்க் கிடந்துச்சு. எடுத்துட்டாங்க. அவருக்குச் சர்க்கரை. எனக்குச் சர்க்கரை இல்லை. இல்லைதான். ஆனா ராத்திரி படுத்தா என் போர்வையை நான் ஒரு தடவை தடவிப் பாக்காமத் தூங்குறதில்லை.

தியேட்டர் வந்திருச்சு. கென்னடி, நில்லு. நிக்கலை. ஏன் நிக்கலை? தங்கப்பாண்டி முன்னாடி ஓடிப் போய்க் கையை வீசுறான், நல்ல நேரம் முடியப் போகுது, போ போன்னு. நாசமாப் போக. கென்னடி திரும்பி என்னைப் பாக்கிறான், நான் தலையை ஆட்டுறதுக்குள்ள கூட்டம் தள்ளுது. தியேட்டர் பின்னாடி போயிருச்சு. இப்ப கால் கேக்கலை, கத்துது. கெண்டைக்குள்ள யாரோ துணி பிழியிற மாதிரி முறுக்குறான். குடு, குடு, குடு. எங்கிட்டக் கேட்டா? எங்கிட்ட என்ன இருக்கு? பெருவிரல் மரத்துப் போச்சு, தார் சுடுறது கூட இந்தக் கால்ல தெரியலை, வலது கால் மட்டும் சுடுதுங்குது. நல்ல வெயில்ல ஒரு காலு ஜில்லுன்னு இருக்கிற அதிசயப் பிறவி நான். இன்னும் பஜார் முழுசா இருக்கு. மண்டபத்து வளைவு அந்தா தெரியுது, வாழைமரம் கட்டியிருக்கு, நான் கட்டுன வளைவுதான். அது வரைக்கும் முடியாது. முடியவே முடியாது. நின்னா பின்னாடி பொம்பளைங்க முட்டிக்கிட்டு நிப்பாங்க, என்ன என்னன்னு கேப்பாங்க, இவன் கையை நீட்டுவான். அந்தா நீட்டிட்டான். அண்ணே, உங்களுக்கு வேர்க்குது, மூஞ்சியே சரியில்லை, எங்கிட்டக் குடுங்கண்ணே. விரல் தாம்பாளத்து விளிம்பைத் தொட்டிருச்சு. என் பிள்ளையோட பாவாடை மேல இவன் விரல். எடுடா கையைன்னு சொல்ல வாயைத் திறந்தா மூச்சுதான் வருது. இடது கால் ஊனலை. நின்னுட்டேன். எங்க நின்னேன்னு பாத்தா, ஆத்தாடி, அதே பூப் போட்டது, அதே புள்ளி வச்சது, நைட்டிக் கடை வாசல். இதுக்கு மேல ஒருத்தனை அசிங்கப்படுத்த சாமியால முடியுமா?

அப்பதான் மண்டபத்துப் பக்கமிருந்து எதிர்கொண்டு அழைக்கிறதுக்கு ஆளுங்களோட வர்றான் சோலைராசு. என்னைப் பாக்கிறான். மூஞ்சியைப் பாக்கலை, காலைப் பாக்கிறான். குதிகால் தரையில படாம நிக்கிற இந்தக் காலை. சரி, முடிஞ்சது, இப்பச் சொல்லுவான், மச்சானுக்கு நைட்டி இன்னும் பிடிபடலைன்னு, ஊரே சிரிக்கும், நான் இந்தத் தேங்காயை எடுத்து அவன் மண்டையில உடைப்பேன், காதுகுத்து நல்லா நடக்கும். சொல்லலை. தோள்ல கிடந்த துண்டை எடுத்துத் தலையில கட்டுனான். கென்னடியைப் பாத்து, அடிடா என் வீட்டு விசேஷத்துக்குன்னு ஒரு சத்தம். அடுத்த நொடி ஆடுறான். தொந்தியும் தொப்பையுமா, பட்டுவேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, எனக்கு நேர் முன்னாடி. பிள்ளையைப் பெத்தவன் ஆடுறப்ப தப்பு நிக்குமா, சீர்தான் நகருமா? தங்கப்பாண்டி கையை எடுத்துட்டு ஒதுங்கிட்டான். பயலுக விசிலடிக்கிறானுங்க. இவனுக்கு ஆட்டம் வராது, கல்யாணத்துல கூட ஆடுனது இல்லை, கையும் காலும் வேற வேற ஊருக்குப் போகுது. சுத்தி வந்து, குனிஞ்சு, நிமிர்ந்து, என் காதுகிட்ட வந்தான். மூச்சு வாங்குது.

“நில்லுங்க மச்சான். வலி விட்டதும் கண்ணைக் காட்டுங்க. அது வரைக்கும் நான் ஆடிக்கிட்டிருக்கேன்.”

திரும்பி ஒரு சுத்து. மறுபடி வந்தான்.

“அன்னைக்கு நான் சிரிச்சு, நீங்க எந்திரிச்சுப் போனப்புறம்தான் தோணுச்சு. எங்கப்பாவும் இப்படித்தான் கடை கடையா நின்னாரு.”

ஒரு மாசமா இவனைத் திட்டுறதுக்குன்னே எம்புட்டு வார்த்தை சேத்து வச்சிருந்தேன், குளிக்கிறப்ப ஒண்ணு, பல்லு விளக்குறப்ப ஒண்ணுன்னு, அம்புட்டையும் எங்க கொண்டு போய்க் கொட்டுறது இப்ப? தெரிஞ்சிருந்தா வந்து சொல்ல மாட்டியாடா? ஒரு மாசம். நான் கோபுரத்தைப் பாத்தேன், நைட்டியைப் பாத்தேன், உன் மூஞ்சியைப் பாக்கலை, அதனால சொல்ல மாட்டியா? தூக்குல பொங்கலைத் தூக்கிக்கிட்டு வரத் தெரியுது. கோவம் வருது எனக்கு, கண்ணு எரியிற அளவுக்குக் கோவம், இது எந்தக் கோவம்னு எனக்கே பிடிபடலை. கீழ பிடி தளருது. துணி முறுக்குனவன் கையை விட்டுட்டான். வெதுவெதுப்பு கணுக்கால் வரைக்கும் இறங்குது, குதிகால் தரையைத் தொட்டிருச்சு, தார் லேசாச் சுடுது, சுடுறது அம்புட்டு நல்லா இருக்கு. வலி விட்டிருச்சு. கண்ணைக் காட்டலை. ஆடட்டும். நைட்டிக்காகக் கொஞ்ச நேரம் ஆடட்டும். என்னைப் பாக்கிறான், நான் புள்ளி வச்ச நைட்டியைப் பாக்கிறேன். ஆடுறான். கழுத்து நரம்பு விரலு தண்டி புடைச்சு நிக்குது, வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு வாங்குறான், சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு. நான் தொடாத பொங்கலையும் சேத்து இவன்தான் தின்னிருப்பான். இப்ப இவன் ரத்தம் வயித்துக்குப் போகுமா, காலுக்குப் போகுமா? அப்பன் ரத்தம் வேற. கூறுகெட்டவன், இவனுக்கு எங்க எங்க அடைச்சிருக்கோ, நடுரோட்டுல விழுந்து வச்சான்னா என் தங்கச்சி என்ன ஆவா? போதும்டா. நிறுத்துடா. கண்ணைக் காட்டினேன். அவன் துண்டை அவுத்து ஒரு வீசு வீசுனான், தப்பு நகர்ந்துச்சு, நான் நடந்தேன்.

வளைவுகிட்ட பாண்டிமீனா என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்குனா. மேடையில உக்காந்தேன், என் கடைச் சேர்ல, முதுகுல என் பேரு. தனத்தைத் தூக்கி மடியில வச்சாங்க. இடது தொடையில வைக்காதீங்கன்னு யாருக்குத் தெரியும் சொல்ல, அதுலதான் உக்காந்துச்சு, கனமா, பவுடர் வாசத்தோட, மாமா வலிக்குமா மாமா வலிக்குமான்னு கேட்டுக்கிட்டு. வலிக்கும், கொஞ்ச நேரம், அப்புறம் விட்டிரும்னேன். பத்தர் குத்துனதும் கத்திக்கிட்டு என் கைச்சதையில நகத்தைப் பதிச்சுச்சு. மேடை ஓரத்துல சோலைராசு தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், மூஞ்சி ரத்தச் செவப்பு, இன்னும் மூச்சு அடங்கலை. அவனைப் பாத்தேன். ஒரு மாசம் கழிச்சு நேருக்கு நேரா.

“என்னய்யா தூணாட்டம் நிக்கிற? உக்காருய்யா மாப்பிள்ளை, நம்ம சேர்தான். செவ்வாக்கிழமை நான் மதுரைக்குப் போகணும், காலைக் காட்டுறதுக்கு. நீயும் வண்டியில ஏறு, உன்னையும் காட்டுவோம்.”

செல்வராணி, என்ன காலுன்னு திரும்புனா. தங்கப்பாண்டி காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கிறான், கேக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும். சோலைராசு ஒரு சேரைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து என் பக்கத்துல போட்டு உக்காந்து, அழுகிற பிள்ளையோட காலைத் தன் மடியில எடுத்து வச்சுக்கிட்டான்.